இரண்டு லட்ச ரூபாய் ஏர் பிஸ்டல்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுஃப் டிகேச்சின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சாதாரண டி-ஷர்ட், சாதாரண மூக்குக் கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில். ஐம்பத்தோரு வயது மனிதர், காய்கறி வாங்க வந்த வழியில் சுட்டுவிட்டுப் போனதைப் போல நின்றார். உடனே ஊரெல்லாம் ஒரே பேச்சு: "கருவியில் என்ன இருக்கிறது, எல்லாம் திறமைதான்!"

பாக்கெட்டில் கை வைப்பது அலட்சியம் அல்ல. சுடாத கை ஆடாமல் இருக்க ஏறத்தாழ எல்லா பிஸ்டல் வீரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அவர் தவிர்த்தது கண்ணை மறைக்கும் தட்டுகளும் சிறப்பு லென்ஸும் கொண்ட கண்ணாடியை மட்டும்தான். கையில் இருந்தது முழுமையான போட்டி பிஸ்டல். அந்தப் படத்தைக் காட்டி மலிவான பிஸ்டல் போதும் என்று வாதிடுவது முதல் தவறு.

அதே போட்டியில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்ற பிறகு பெற்றோரிடையே இதற்கு நேர் எதிரான தவறு தொடங்கியது. பிள்ளை துப்பாக்கிச் சுடுதல் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மொரினி, ஸ்டெயர், வால்தர், பர்தினி, ஃபைன்வெர்க்பாவ் என்று பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு, இருப்பதிலேயே விலை கூடியது எது என்று விசாரிக்கிறார்கள். இந்த நிறுவனங்களின் மேல்தட்டு மாடல்கள் இந்தியாவுக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாயைத் தொடுகின்றன. ஆரம்பநிலைப் போட்டி மாடல்கள் அதில் பாதியளவு விலையில் கிடைக்கும். மீதிப் பாதி எதற்காகப் போகிறது என்பதுதான் கேள்வி.

துல்லியத்துக்காக என்று நினைப்பவர்களே அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை என்று தெரியும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட் எனப்படும் சிறு குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும் என்பதால், அதன் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். தொழிற்சாலையில் பிஸ்டலை இறுக்கிப் பிடித்து வைத்துச் சில குண்டுகள் சுட்டு, அந்த அட்டையையும் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அதில் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாகத் தெரியும். ஆரம்பநிலைப் போட்டி மாடலின் அட்டையும் அப்படித்தான் இருக்கும். குழலைப் பொறுத்தவரை இரண்டுமே பத்து வட்டத்துக்குள் தாராளமாக அடங்கிவிடுகின்றன.

புள்ளி குறைவது வேறு இடத்தில். குறிபார்ப்பதற்காகக் குழலின் முனையில் நிற்கும் முன்குறிக்கும் பின்னால் பிளவுள்ள பின்குறிக்கும் இடையே முப்பத்து மூன்று சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்குறி அந்தப் பிளவுக்குள் கால் மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தால் போதும், பத்து மீட்டர் தூரத்தில் பெல்லட் 8 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி விழும், பத்து ஒன்பதாகிவிடும். கை முழுவதுமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அவ்வளவு சேதம் இல்லை. நகர்ந்த அளவுக்குத்தான் பெல்லட்டும் விலகும். மணிக்கட்டு மடங்குவதும் விரல் விசையை (டிரிகரை) வெடுக்கென்று இழுப்பதும்தான் புள்ளிகளைத் தின்கின்றன. இதை எந்த விலைக் குழலும் சரிசெய்யாது.

ஆகவே கேட்க வேண்டியது, மணிக்கட்டையும் விரலையும் ஒழுங்காக வைத்திருக்க எந்தப் பிஸ்டல் உதவும் என்பதுதான். இந்த இடத்தில் விலைக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது, முக்கியமாக மரப்பிடியில். பிடி கையோடு பொருந்த வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வாங்கும்போது அதை மறந்துவிடுவார்கள். கடையில் நடுத்தர அளவுதான் கையிருப்பில் இருக்கும், இறக்குமதிக்கு இன்னும் மூன்று மாதம் ஆகும் என்பார்கள், பிள்ளையும் அவசரப்படும், கடைசியில் அதையே வாங்கி வந்துவிடுவார்கள். பொருந்தாத பிடியோடு இரண்டு லட்ச ரூபாய் பிஸ்டல், பொருந்திய பிடியோடு ஒரு லட்ச ரூபாய் பிஸ்டலிடம் தோற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோதிக்கும் வழி எளிது. பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாக நிற்பதுபோல நின்று கையை உயர்த்துங்கள். ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன்குறி பின்குறியின் பிளவுக்கு நடுவில் இருந்தால் பிடி சரி. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால், அதை நேராக்க மணிக்கட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அறுபது குண்டுகளை எழுபத்தைந்து நிமிடத்தில் சுட வேண்டிய போட்டியில் நாற்பதாவது குண்டுக்கு மேல் அந்த மணிக்கட்டு கைவிட்டுவிடும். பிடியை அரத்தால் தேய்ப்பதும் குறைகிற இடத்தில் மரப்புட்டி அப்புவதும் இந்த விளையாட்டில் அன்றாட வேலை. புதுப் பிஸ்டலின் பளபளப்பான வால்நட் மரத்தில் அரம் வைக்க மனம் வராமல், அழகு கெடக்கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வலியோடு சுடுகிறவர்கள் உண்டு. அழகுக்குத்தான் என்றால் அலமாரியில் வைத்துவிடலாமே! விலை கூடிய மாடல்களில் பிடியின் கோணத்தைப் பல திசைகளில் திருப்பி அமைக்க முடியும். கூடுதல் விலைக்கு நியாயம் சொல்லும் வசதிகளில் இது ஒன்று.

அடுத்தது விசை. சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். மலிவான போட்டி பிஸ்டலுக்கும் உச்ச மாடலுக்கும் அதே எல்லைதான். வித்தியாசம் சரிசெய்யும் வசதியில் இருக்கிறது: முதல் கட்ட இழுப்பு எவ்வளவு, இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது, விசை விரலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது. புதிதாகப் பழகுகிறவர் இத்தனை திருகாணிகளையும் வாரந்தோறும் திருப்பிக்கொண்டிருந்தால் விரல் எதற்குமே பழகாது. பயிற்சியாளர் ஒருமுறை அமைத்துத் தந்ததை ஆறு மாதம் தொடாமல் இருப்பது நல்லது.

மின்னணு விசைக்குக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் டோக்கியோவை நினைவில் கொள்ள வேண்டும். 2021இல் நடந்த அந்த ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதானது. அதைச் சரிசெய்வதில் நேரம் கரைந்தது. 575 புள்ளிகளோடு பன்னிரண்டாவது இடத்தில் முடித்து, இறுதிச் சுற்று வாய்ப்பை மயிரிழையில் இழந்தார். உலகத்தரமான கருவியும் பழுதாகும். மின்னணு விசை மோசம் என்று இதற்காகச் சொல்லிவிட முடியாது. அதன் இழுப்பு மிகச் சீரானது, பல முன்னணி வீரர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பழுதானால் உங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்று கேட்காமல் வாங்கக்கூடாது. மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு பயிற்சி செய்பவருக்கு எந்திர விசையே நிம்மதி.

இனி மலிவின் பக்கம் வருகிறேன். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டலில் தொடங்கி, பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்க்கலாம் என்பது நியாயமான யோசனைபோலத் தோன்றும். அது நியாயமே இல்லை. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் ஓடி அடிப்பதால் கை குலுங்கும். விசை கனமாக இருக்கும். எங்கே தவறு நடந்தது, கையிலா கருவியிலா என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பிஸ்டல் பயிற்சியின் பெரும்பகுதி குண்டு இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதுதான். வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றே செய்யலாம். போட்டி மாடல்களில் இதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளுறுப்பு கெட்டுவிடும். பணத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, செலவில்லாத பயிற்சியையே இழக்கிறார்கள். அதற்குப் பயிற்சி மையத்தின் பொதுப் பிஸ்டலில் சில மாதங்கள் சுடுவது எவ்வளவோ மேல்.

சிறுவர்களுக்கு வாங்குவோர் எடையைக் கவனிப்பதில்லை. பெரும்பாலான முழு அளவு மாடல்கள் ஒரு கிலோவை ஒட்டிய எடை கொண்டவை, பிடிப்பதோ ஒற்றைக் கையால். பன்னிரண்டு வயதுத் தோளுக்கு அது பெரும் சுமை. பிள்ளை இடுப்பை வளைத்து, உடலைப் பின்னால் சாய்த்து ஈடுகட்டும். அந்த நிலையே பழக்கமாகிவிடும். குட்டைக் குழல் மாடல்களும் இளையோருக்கான இலகு மாடல்களும் இதற்காகத்தான் இருக்கின்றன.

இருந்த பணத்தையெல்லாம் பிஸ்டலிலேயே போட்டுவிட்டுப் பெல்லட்டுக்குத் தவிப்பதும் நடக்கிறது. நாளொன்றுக்கு எண்பது குண்டு, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் இரண்டாயிரம். ஐநூறு கொண்ட பெட்டி நான்கு. இதோடு பிஸ்டலின் சிலிண்டரில் காற்று நிரப்பும் ஏற்பாடு, சுடுதளக் கட்டணம், பயிற்சியாளர் சம்பளம், வெளியூர்ப் போட்டிப் பயணம் எல்லாம் சேரும். ஒரு வருடச் செலவை ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சும் தொகையில் எந்தப் பிஸ்டல் கிடைக்கிறதோ அதுவே அந்தக் குடும்பத்துக்குச் சரியான பிஸ்டல்.

அப்படியானால் உயர்ரகப் பிஸ்டல் எப்போது விலைக்குத் தகும்? என் கணிப்பில், பயிற்சியில் அறுநூற்றுக்கு 550 புள்ளிகளைத் தொடர்ந்து தாண்டுபவர், கை வளர்ச்சி நின்றவர், தன் தவறு எங்கே நிகழ்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் வாங்கலாம். அதிர்வுத் தணிப்பான், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகள் ஆகியவற்றின் பயன் அவருக்குத்தான் புலப்படும். தொடக்கநிலையில் இருப்பவரின் கை நடுக்கத்தில் அவை கரைந்துபோகும்.

பழைய உயர்ரகப் பிஸ்டலை வாங்குவது நல்ல வழி. இவை மதிப்பை எளிதில் இழப்பதில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. காற்றுச் சிலிண்டருக்குத் தயாரித்த நாளிலிருந்து பொதுவாகப் பத்தாண்டு ஆயுள். தேதி சிலிண்டர்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். காலாவதியான சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோனால் பரிசோதனையில் பிரச்சினை வரலாம், உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கும் என்பதால் வீட்டிலும் ஆபத்து. விற்பவர் "நன்றாகத்தானே சுடுகிறது" என்பார். புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். முந்தைய உரிமையாளர் தன் கைக்கேற்பப் பிடியை அரத்தால் தேய்த்திருந்தால் புதுப் பிடிக்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் கைப் பம்பால் காற்று நிரப்புகிறவர்கள் ஈரம் வடிகட்டும் குப்பியைத் தவிர்க்கக்கூடாது. காற்றோடு போகும் ஈரம் சிலிண்டரின் உள்ளே அரிப்பை உண்டாக்கும். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கு எட்டுகிறதே என்று அதிலிருந்து நிரப்ப நினைக்கவே வேண்டாம். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் வெடிக்கும்.