வீட்டுக்காரர் திருத்தித் தராவிட்டால்: யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு

கொக்குவிலில் நான் இருக்கும் ஓட்டு வீட்டின் சொந்தக்காரர் கனடாவில். வாடகை வாங்குவது அவருடைய தமக்கை. கைமரம் உக்கி ஓடு சரிந்தபோது அந்தத் தமக்கை மாமி "தம்பியைக் கேள் பிள்ளை" என்றார், தம்பி "அக்காவோட கதையுங்கோ" என்றார். ஐப்பசி மழை இவர்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்காது.

அதனால் முதலில், வீட்டை வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறியுங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் இங்கே அற்றோர்ணித் தத்துவம், அதாவது அவருக்காகச் செயற்படும் எழுத்து மூல அதிகாரம், யாருக்கு என்று கேளுங்கள். கடிதத்தை இருவருக்குமே பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். எது பழுது, எப்போதிருந்து, யாருக்கு என்ன ஆபத்து, எந்தத் திகதிக்குள் திருத்த வேண்டும் என்பவை கடிதத்தில் இருந்தால் போதும். கோபத்தை எழுத வேண்டாம். படங்களும், மேசனோ தச்சரோ எழுதித் தந்த செலவுக் கணக்கும் கூட வைத்தால் "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். பலருக்கு முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் நிலுவை விழுந்தால் உங்களை வீட்டை விட்டு எழுப்புவதற்கு அதுவே காரணமாகிவிடும். பற்றுச்சீட்டுத் தராவிட்டால் வங்கியில் போடுங்கள். அவசியமான திருத்தத்தை, அறிவித்தல் கொடுத்த பிறகு நீங்களே செய்து வாடகையில் கழிப்பதற்கு நம் நாட்டின் பொதுச் சட்டத்தில், அதாவது உரோம-டச்சுச் சட்டத்தில், இடமுண்டு. ஆனாலும் சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் கழிக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். வெறும் தாளில் எழுதியிருந்தால் உங்களை மாத வாடகையாளராகவே பார்ப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத வீட்டில், ஒரு மாத அறிவித்தலோடு உங்களை எழும்பச் சொல்லலாம். சண்டைக்கு முன் இதை அறிந்திருப்பது அவசியம்.

சரி, கடிதத்துக்குப் பதில் இல்லை. அடுத்தது, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், இணங்காவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். பல வழக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. என் அனுபவத்தில், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து உட்காரும்போது வீட்டுக்காரர்கள் பலரும் இறங்கி வருகிறார்கள்.

மலக்குழி நிரம்பி வழிந்தால் மட்டும் இந்த வரிசையில் காத்திருக்க வேண்டாம். நம் நிலம் சுண்ணாம்புக்கல், குழியில் உள்ளது வெகு சுலபமாகக் கிணற்றுக்குப் போய்விடும். உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முறைப்பாடு கொடுக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் அதுவரை கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்காதீர்கள். சுவிட்சைத் தொட்டால் மின்சாரம் தாக்குகிறது என்றால் மெயினை அணைத்துவிட்டு, மின்னியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து பழுதை எழுதி வாங்குங்கள்.

முறைப்பாடு செய்ததற்காகத் தண்ணீரையோ கரண்டையோ வெட்டினால், பூட்டை மாற்றினால், பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரும் உங்களை வெளியே போட முடியாது. வலுக்கட்டாயமாக வெளியேற்றினால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். இதற்குக் காலம் முக்கியம், வெளியேற்றி இரண்டு மாதம் கடந்தால் பிடி தளரும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு. போகும்போது ஒப்பந்தம், வாடகைப் பற்றுச்சீட்டுகள், கடிதப் பிரதி, தபால் துண்டு, படங்கள், அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள்.