ஃபியூக் கேட்கும்போது காது எங்கே வழுக்குகிறது?

ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் பின்னிக்கொள்ளும் மேற்கத்திய இசை வடிவம் ஃபியூக். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஃபியூக் ஒன்றைப் புதிதாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் எல்லாம் ஒரே குழப்பம்." குழப்பம் எப்படி வருகிறது என்று பார்த்தால், ஒரே இடத்தில்தான் கோளாறு. ஒரு மெட்டு தனியாகத் தொடங்குகிறது. அது முடிகிற இடத்தில் இன்னொரு குரல் அதே மெட்டைப் பிடிக்கிறது. காது உடனே புதிதாக வந்தவரின் பக்கம் திரும்பிவிடுகிறது, முதலாமவரை அம்போவென்று விட்டுவிடுகிறது. மூன்றாமவர் வந்ததும் இரண்டாமவருக்கும் அதே கதி. இப்படியே ஆள் மாற்றிக்கொண்டு போனால் அரை நிமிடத்துக்குள் கையில் யாருமே இருக்க மாட்டார்கள்.

இங்கே குரல் என்றால் பாடுபவர் அல்ல, தனித்து நகரும் ஒரு இசைக்கோடு. ஒரே ஆள் ஒரே பியானோவில் நான்கு குரல் வாசிக்கலாம். இதில் பக்கவாத்தியம் என்று ஒருவரும் இல்லை; எல்லாக் குரலும் கச்சேரிக்காரர்தான்.

சப்ஜெக்டை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது

ஃபியூக்கின் மூல மெட்டுக்கு சப்ஜெக்ட் என்று பெயர். "அது வரும்போதெல்லாம் பிடியுங்கள்" என்பதுதான் வழக்கமாகத் தரப்படும் அறிவுரை. பாதி சரி, பாதி ஆபத்து. ஏன் என்பதற்கு 1722-இல் பாக் தொகுத்த 'வெல்-டெம்பர்ட் கிளாவியர்' என்ற விசைப்பலகை இசைத் தொகுப்பின் முதல் பாகத்திலுள்ள சி மைனர் ஃபியூக்கையே எடுத்துக்கொள்ளலாம். பாக் படைப்புகளின் பட்டியலில், அதாவது பி.டபிள்யூ.வி.-யில், அதன் எண் 847. மூன்று குரல்கள், மொத்தம் 31 பார். பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அலகு. சப்ஜெக்டின் நீளம் 2 பார், முழுதாக வருவது எட்டு முறை. ஆக 16 பார் போக, மீதி 15 பாரில் சப்ஜெக்ட் முழு உருவில் எங்குமே இல்லை. அதை மட்டும் தேடுகிறவருக்குப் பாதி இசை காத்திருப்பு அறை.

ஒரு பாருக்கு 3 விநாடி என்ற வேகத்தில் ஒருவர் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். நடுக்குரலான ஆல்டோ 0 விநாடியில் தொடங்கும். மேல்குரலான சோப்ரானோ 6-ஆவது விநாடியில். அடுத்தது 12-இல் வர வேண்டும் என்று காது கணக்குப் போடும், வராது. 5, 6-ஆம் பார்களில் சப்ஜெக்டின் தலைத் துண்டை மட்டும் வைத்து ஒரு சின்னப் பாலம் கட்டிவிட்டு, 18-ஆவது விநாடியில்தான் கீழ்க்குரலான பேஸை உள்ளே விடுகிறார் பாக். புதிதாகக் கேட்பவர்கள் இந்தத் தலைத் துண்டை ஒரு வருகை என்று எண்ணிவிடுவார்கள். அங்கிருந்து எண்ணிக்கை முழுக்கப் பிசகும். தலை கேட்டால் போதாது, வால் வரை வந்ததா என்று பாருங்கள். மற்ற வருகைகள் ஏறத்தாழ 30, 42, 57 விநாடிகளிலும், 1:16, 1:25-இலும் விழும். உங்கள் பதிவு வேறு வேகத்தில் இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

42-ஆவது விநாடிதான் பலரும் தவறவிடுவது. அங்கே சப்ஜெக்ட் ஆல்டோவில், மேலும் கீழும் இரண்டு குரல்கள் நகர்ந்துகொண்டிருக்க, நடுவில் சிக்கியிருக்கும். நம் காது இயல்பாகவே உச்சத்தில் ஒலிப்பதைத்தான் பிடிக்கும், அடுத்து அடியில் ஒலிப்பதை. நடுவில் இருப்பது பயிற்சியால் மட்டுமே வரும்.

இரண்டாவது வருகையில் இன்னொரு பொறி. சோப்ரானோ அதே மெட்டை அப்படியே உயர்த்தி வாசிக்கவில்லை. சப்ஜெக்டின் நான்காவது ஸ்வரம், சி-யிலிருந்து கீழ் ஜி-க்கு நான்கு படி இறங்கும். பதில் சொல்லும் சோப்ரானோ அதே இடத்தில் ஜி-யிலிருந்து சி-க்கு ஐந்து படி இறங்கும். இது பிழையல்ல. தாய் ஸ்ருதியை விட்டு அவசரமாக விலகிவிடாமல் இருக்கச் செய்யும் திருத்தம். டோனல் ஆன்சர் என்பார்கள். அச்சு அசலான நகலை எதிர்பார்த்தவர் "இது வேறு மெட்டோ" என்று தடுமாறுவது இங்கேதான்.

சரி, எதைப் பின்தொடர்வது? சப்ஜெக்டை முடித்த குரலை. 6-ஆவது விநாடியில் சோப்ரானோ நுழையும்போது அதன் பக்கம் போகாமல் ஆல்டோவிலேயே இருங்கள். படிக்கட்டில் தடதடவென இறங்குவதுபோல ஒரு ஓட்டம் ஆல்டோவில் கேட்கும். அதுதான் கவுண்டர்சப்ஜெக்ட், சப்ஜெக்டின் நிரந்தரக் கூட்டாளி. கடைசி வருகை நீங்கலாக, அடுத்தடுத்த வருகைகளில் அது ஏதோ ஒரு குரலில் ஒட்டிக்கொண்டே வரும். இந்த இரண்டும் பிடிபட்டால் மூன்றாம் குரல் தானாகப் பிரிந்து நிற்கும்.

ஒரே ஃபியூக்கை ஐந்து முறை கேட்பது 24 ஃபியூக்கை வரிசையாக ஓடவிடுவதைவிடப் பலன் தரும். முதல் முறை வருகைகளை மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டாம் முறை பேஸை மட்டும், அது மௌனமாக இருக்கும் 18 விநாடி உட்பட. மூன்றாம் முறை ஆல்டோவை முதலிலிருந்து கடைசி வரை விடாமல். நான்காம் முறை சப்ஜெக்ட் இல்லாத இடங்களை. ஐந்தாம் முறை எதையும் தேட வேண்டாம். வேகம் அதிகம் என்று தோன்றினால் 0.75 வேகத்தில் ஓடவிடலாம். இப்போதைய செயலிகள் பெரும்பாலும் ஸ்ருதியைக் குறைக்காமலே வேகத்தைக் குறைத்துவிடும். வண்ணக் கோடுகள் ஓடும் காணொளிகளும் நல்லவைதான், ஆனால் நான்காம் முறைக்கு முன் வேண்டாம். கண் முந்திக்கொண்டால் காது வேலை செய்யாது.

கைபேசி ஸ்பீக்கரில் ஆர்கன்

சின்ன ஜி மைனர் ஃபியூக் என்று செல்லமாக அழைக்கப்படும் பி.டபிள்யூ.வி. 578 ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது. நான்கு குரல்களும் மேலிருந்து கீழாக வரிசையாக நுழைகின்றன: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். கடைசியாக வரும் பேஸைக் கலைஞர் காலால், பெடலில் வாசிப்பார். ஆர்கன் பெடலில் வழக்கமாக இயங்கும் 16 அடிக் குழாய் வரிசையின் மிகத் தாழ்ந்த சி சுமார் 33 ஹெர்ட்ஸ். கைபேசி ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. மேல்நிலை அதிர்வுகளை வைத்து மூளை ஏதோ ஊகித்துக்கொள்ளும். நான்காவது குரல் வரவே இல்லை என்று நினைப்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது தங்கள் காதை அல்ல. காதுக்குள் பொருந்தும் சாதாரண இயர்போனே போதும், ஆனால் இரண்டு காதிலும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் ஸ்டீரியோ பிரித்துத் தரும் இடவேறுபாடு போய்விடும்.

ஆர்கன் பதிவில் இன்னொரு சிக்கல் தேவாலயத்தின் எதிரொலி. பெரிய கல் கட்டடத்தில் ஒலி அடங்கச் சில விநாடிகள் ஆகும், அதற்குள் அடுத்த ஸ்வரங்கள் அதன்மேல் குவிந்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும். சின்ன அரங்கில் பதிவான வேறொன்றைத் தேடுவதே வழி.

ஹார்ப்சிகார்டு எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். உண்மைதான்: கம்பியை மீட்டும் பொறி அது, விரல் அழுத்தத்தால் ஒலி கூடாது குறையாது. வாசிப்பவர் குரல்களைப் பிரிப்பது சத்தத்தால் அல்ல, ஸ்வரங்களுக்கு இடையே விடும் இம்மி இடைவெளியால். பியானோவில் சப்ஜெக்டை உரக்கக் காட்ட முடியும். தொடக்கத்தில் அது உதவி, பழகிய பிறகு தொல்லை. ஒவ்வொரு வருகையையும் சுத்தியலால் அடித்துக் காட்டும் பதிவில் மற்ற இரண்டு குரல்களும் சுவரொட்டிக்குப் பின்னால் போய்விடும்.

பாகெல்பெல் கேனனில் கேனனையே கேட்காமல் விடுவது

ஃபியூக்கில் சப்ஜெக்டை மட்டும்தான் மற்றக் குரல்கள் வாங்கிக்கொள்ளும், பிறகு அவரவர் வழி. கேனனில் பின்னால் வருபவர் முன்னால் போனவரைக் கடைசி வரை அடியொற்ற வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், கல்யாண வீடியோ வரை புகுந்துவிட்ட பாகெல்பெல்லின் டி மேஜர் கேனனை வெறும் இனிமையான பின்னணி இசையாகக் கேட்பவர்கள்தான் அதிகம்.

அது உண்மையில் மூன்று வயலினுக்கும் ஒரு அடிநாதக் குழுவுக்கும் எழுதப்பட்டது. அடியில் 8 ஸ்வரம், 2 பார் நீளம், 28 முறை திரும்பத் திரும்ப. அதன்மேல் முதல் வயலின் 3-ஆம் பாரில் தொடங்க, இரண்டாவது 5-இல், மூன்றாவது 7-இல். மூவரும் வாசிப்பது ஒரே பகுதி, ஒரே ஸ்ருதியில், இரண்டிரண்டு பார் பிந்தி. முதல் வயலின் ஒரு புது உருவை எடுத்ததும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடி ஒரு சுற்று முடிந்ததும் அதே உரு மீண்டும் கேட்கும், இன்னொரு சுற்றில் மூன்றாம் முறை.

இங்கே பதிவின் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 4 நிமிடத்தில் முடியும் பதிவில் அடி ஒரு சுற்று வர எட்டரை விநாடி. 1968-இல் ழான்-ஃப்ரான்சுவா பையார் குழு பதிவு செய்து உலகப் புகழ் பெற்றதைப் போன்ற 7 நிமிட வாசிப்பில் 15 விநாடி. நகல் வருவதற்குள் மூலம் மறந்துபோகும். போதாததற்கு, பெரிய தந்திக்குழுவில் ஒவ்வொரு பகுதிக்கும் பல வயலின்கள் சேரும்போது மூன்று ஆட்கள் என்ற உணர்வே கரைந்துவிடும். அழகு இல்லை என்று சொல்லவில்லை. கேனன் கேட்க அது தோதில்லை. மூன்றே வயலின், ஒரு செல்லோ, ஒரு ஹார்ப்சிகார்டு என்று இருக்கும் பதிவைத் தேடுங்கள். தனிப் பியானோவுக்கு மாற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலும் கேனன் பெயரில் மட்டும்தான் இருக்கும்.

பாக் 1741-இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், ஒரே அடித்தளத்தின்மேல் அமைந்த மாறுபாடுகளின் தொகுப்பு. அதில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று 27 வரை ஒவ்வொரு மூன்றாவதும் ஒரு கேனன். எண் வரிசையில் தொடங்குவது தவறு. மூன்றாவதில் இரண்டு குரல்களும் ஒரே ஸ்ருதியில் பின்னிக்கொள்ளும். ஒரே பியானோவில் யார் யார் என்று பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம். 27-இல் தொடங்குங்கள். ஒன்பது கேனன்களில் அடிநாதத் துணை இல்லாதது அது ஒன்றுதான். இரண்டே குரல், முதல் பாதியில் இடக்கை தொடங்க, ஒரு பார் தள்ளி வலக்கை வெகு உயரத்தில் அதையே சொல்லும். 12, 15-ஐக் கடைசிக்கு வையுங்கள். அவற்றில் பின்தொடர்பவர் மெட்டைத் தலைகீழாக்குவார், முன்னவர் ஏறும் இடத்தில் இறங்குவார். மூன்றாவது வேரியேஷனை எப்படியும் கேட்டே ஆகவேண்டும் என்றால், தந்தி வாத்தியம் மூன்றுக்காக வயலின் கலைஞர் திமித்ரி சிட்கோவெட்ஸ்கி மாற்றியமைத்த வடிவத்தில் கேட்கலாம். ஆளுக்கொரு வாத்தியம் என்பதால் பின்னல் அவிழும்.

மொத்த நேரத்தை வைத்து வேகத்தை எடைபோடவும் கூடாது. பியானோ கலைஞர் கிளென் கூல்டின் 1955 கோல்ட்பெர்க் பதிவு 38 நிமிடம்தான். கை வேகம் ஒரு காரணம். ஒவ்வொரு வேரியேஷனின் இரண்டு பாதிகளையும் இருமுறை வாசிக்கச் சொல்லும் குறிகளை அவர் விட்டுவிட்டது இன்னொன்று. புதிதாகக் கேட்பவருக்கு அந்த இரண்டாம் முறை பெரிய வரம்: முதல் தடவை ஒரு குரல், அடுத்த தடவை மற்றது.

1747-இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்குக்குப் படைத்த 'மியூசிகல் ஆஃபரிங்'கில் ஒரு நண்டுக் கேனன் உண்டு. ஒருவர் தொடக்கத்திலிருந்தும் மற்றவர் கடைசியிலிருந்து பின்னோக்கியும் ஒரே சமயத்தில் வாசிப்பார்கள். இதைக் காதால் கண்டுபிடிக்க முயன்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தாளில் பார்த்து ரசிக்க வேண்டிய வித்தை அது.

தேடலிலும் சில சறுக்கல்கள்

"பாக் சி மைனர் ஃபியூக்" என்று தேடினால் 847-உம் வரும், இரண்டாம் பாகத்து 871-உம் வரும், ஆர்கன் ஃபியூக்குகளும் வரும். பி.டபிள்யூ.வி. எண்ணோடு தேடுங்கள். சி மைனர் என்று போட்டிருக்க, ட்யூனர் செயலியோ வீட்டுக் கீபோர்டோ பி மைனர் என்று காட்டினால் பதிவில் தப்பில்லை. பரோக், அதாவது பாக் காலத்துப் பாணியில் வாசிக்கும் வாத்தியக் குழுக்கள் பலவும் ஏ ஸ்வரத்தை 440-க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைப்பதால் எல்லாமே ஏறத்தாழ அரை ஸ்வரம் இறங்கி ஒலிக்கும்.

பாக்கின் ஃபியூக், கேனன் தொகுப்பான 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்' பதிவுகளில் துண்டுகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும், வாத்தியமும் மாறும். பாக் எந்த வாத்தியம் என்று குறிக்கவில்லை. நூல் அச்சேறியது அவர் இறந்த மறு வருடம், 1751-இல். அதன் கடைசிப் பெரும் ஃபியூக் முடிக்கப்படவே இல்லை. கையெழுத்துப் படி 239-ஆம் பாரில் அப்படியே நின்றுவிடுகிறது. சிலர் அங்கேயே நிறுத்துவார்கள், சிலர் பிறர் எழுதிய முடிவைச் சேர்ப்பார்கள், சிலர் 1751 பதிப்பில் இருந்ததுபோல ஒரு துதிப்பாடல் இசையைத் தொடர்ந்து வைப்பார்கள். ஒலி சட்டென்று அறுந்தால் இணையத் தொடர்பைச் சோதிக்க வேண்டாம். அடுத்த டிராக் தானாக ஓடும் வசதியை மட்டும் முன்கூட்டியே அணைத்து வையுங்கள்.