யூத முதியோர் இல்லத்தில் தொண்டுக்குப் போகிறீர்களா? தூக்குச்சட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

லண்டனுக்கு வந்து வேலைக்கு எழுதிப்போட்டால், முதலில் கேட்பது "இந்த நாட்டில் உங்களைத் தெரிந்தவர் யார்?" என்றுதான். வந்து நாலு மாதம் ஆனவளுக்கு யாரைத் தெரியும்? கீழ் வீட்டுக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் எழுதிக் கொடுக்க முடியுமா? அப்போது யாராவது ஒருவர், "சும்மா இருக்கிறதுக்கு எங்கேயாவது வாலண்டியரா போங்க, மூணு மாசத்துல ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைக்கும்" என்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் இருப்பது வடமேற்கு லண்டனில், எட்ஜ்வேரில். இங்கேயும் ஸ்டான்மோர் பக்கமும் வீடு எடுத்தால் பக்கத்து வீடு பல நேரம் யூதர் வீடு. அருகில் இருக்கும் முதியோர் இல்லமும் யூதர்களுடையதாக இருக்கும். "நாம யூதர் இல்லையே, சேர்த்துக்குவாங்களா?" என்று இப்போதும் என்னிடம் பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்ப்பார்கள். வயதானவர்களோடு உட்கார்ந்து பேச, சக்கர நாற்காலியைத் தள்ள, டீ கொடுக்க, செய்தித்தாள் படித்துக் காட்ட ஆள் வேண்டும். உங்கள் மதம் என்னவென்று யாரும் கேட்கப்போவதில்லை.

தங்கள் மக்களைத் தாங்களே கவனிக்கும் பழக்கம் யூதர்களுக்கு இன்று நேற்று வந்ததல்ல. தங்கள் ஏழைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள 1859-இல் லண்டனில் ஒரு வாரியம் அமைத்தார்கள். அதன் வழிவந்த அமைப்பும் பார்வையற்ற யூதர்களுக்கான சங்கமும் 1990-இல் ஒன்று சேர்ந்ததுதான் ஜூயிஷ் கேர் என்ற தொண்டு நிறுவனம். நோர்வுட் என்ற இன்னொரு யூதத் தொண்டு அமைப்பின் வேர் 1795 வரை போகிறது. தானத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ட்ஸெடாக்கா'. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். கொடுப்பது இரக்கத்தால் அல்ல, கடமையால் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

சரி, சட்ட வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன் அல்லது மனைவியின் வேலை விசாவில் வந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. படிக்க வந்தவர்கள் கவனியுங்கள்: நேரம் குறித்து, ஒப்பந்தம் போட்டு, சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை வேறு, தொண்டு வேறு. முதலாவது உங்களுக்கு அனுமதித்த வார வேலை நேரத்தில் (பட்டப்படிப்பு என்றால் படிப்பு நடக்கும் நாட்களில் 20 மணி) சேரும், இரண்டாவது சேராது. எது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த அம்மா அப்பா, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அடைக்கலம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களும் அப்படிப்பட்ட நிறுவனத்தில் தொண்டு செய்யலாம். அப்புறம் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை. தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரை கேட்பார்கள். எனக்கு ஊரில் பழைய தலைமையாசிரியை மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். பஸ் காசு திருப்பித் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வாசலில் காவலர் இருப்பார், பையைத் திறந்து காட்டச் சொல்வார். யூதக் கட்டடங்களுக்கு இந்த நாட்டில் அந்த அளவு பாதுகாப்பு தேவைப்படுகிறது. உங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். வாசலைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

அந்தப் பைச் சோதனையில்தான் என் தப்பு ஆரம்பித்தது.

தீபாவளி வாரம். மூன்று மாதக் கடிதத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான் பாக்கி. ஊரை நினைத்து ராத்திரி தூக்கமே வரவில்லை. விடியற்காலையில் எழுந்து ஆமவடையும் நெய் விட்டு மைசூர்பாகும் செய்தேன். நம் ஊரில் பண்டிகைக்குப் பலகாரம் செய்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் சாப்பிடுவோமா? முட்டை இல்லை, கறி இல்லை, சுத்த சைவம். கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டேன். "சைவம்னா யூதருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல, தாராளமா கொண்டு போங்க" என்று மூன்று பேர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் யாரும் அந்த இல்லத்து வாசலைக்கூட மிதித்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காவலர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லி உள்ளே விட்டார். அவர் பார்த்தது வெடிபொருள் இருக்கிறதா என்று மட்டும்தான். நான் அதைச் சாப்பாட்டுக்கே கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

மதியம் ஒரு மணிக்கு எல்லோருக்கும் கோழி. மூன்று மணிக்கு எங்கள் பேச்சு வட்டம். மாடியில் இருந்த சின்னச் சமையலறை அடுப்பில் வடையைச் சூடாக்கி, அங்கிருந்த பீங்கான் தட்டுகளில் சுடச்சுட எடுத்து வைத்தேன். ஒரு பாட்டி, 91 வயது, ஒரு வடையைக் கையில் எடுத்து, "இது நான் சாப்பிடலாமா, டார்லிங்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "சாப்பிடலாம், சைவம்தான்" என்றேன். பாதி வடை சாப்பிட்டார். மைசூர்பாகிலும் ஒரு துண்டு.

அங்கே பராமரிப்பு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் உள்ளே வந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "பிள்ளை, உதை ஆரிட்டயும் கேட்டனீங்களோ?" என்றார். இதை யாரிடமாவது கேட்டீர்களா என்று அர்த்தம். நான் பதில் சொல்வதற்குள் தட்டுகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

யூதர்களின் உணவு விதிக்குக் கோஷர் என்று பெயர். அது என்ன என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பன்றி சாப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. பாத்திரம், கரண்டி, அடுப்பு, கழுவும் தொட்டி எல்லாம் இரண்டு இரண்டு. இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருள் தொட இங்கே பலர் மூன்று மணி நேரம் பொறுப்பார்கள், சிலர் ஆறு மணி நேரம். காய், பருப்பு, முட்டை, மீன் இரண்டிலும் சேராத 'பார்வே'. மீனிலும் செதிலும் துடுப்பும் உள்ளதுதான் ஆகும். இறால், நண்டு ஆகாது. இதெல்லாம் பொருளைப் பற்றியது. எனக்குத் தெரியாமல் போனது பாத்திரத்தைப் பற்றியது. சூட்டில் சமைத்தது பாத்திரத்துக்குள் இறங்கிவிடும், அடுத்து அதில் சமைப்பதற்குள் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. என் வடை எந்த வாணலியில் வெந்தது? முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் இறால் பொரித்த அதே வாணலியில். நெய்யோ பால் பொருள். கோழி சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாதவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறேன். சூடாக்கியது இறைச்சிக்கென்று வைத்திருந்த அடுப்பில்.

அந்த அடுப்பைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டு, பிறகு அது போகும் உச்ச சூட்டுக்கு ஏற்றி எடுத்தார்கள். பீங்கான் தட்டுகளை அப்படி மீட்க முடியாது. பன்னிரண்டு தட்டுகளையும் ஒரு பெட்டியில் அடுக்கி வெளியே கொண்டுபோனதை நான் நின்று பார்த்தேன்.

பார்த்தபோது திருநெல்வேலியில் என் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. வீட்டில் தீட்டு வந்தால் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து உள்ளே எடுப்பாள். மண்சட்டியை உடைத்துத்தான் போடுவாள். மண்ணுக்கு ஒரு சட்டம், உலோகத்துக்கு ஒரு சட்டம். இங்கேயும் அதேதான். வெளியூர் போனால் கையில் கட்டுச்சோறு இல்லாமல் ஆச்சி படி இறங்க மாட்டாள். கறி சமைத்த சட்டியில் வைத்த சாம்பாரை, "சைவம்தான் ஆச்சி" என்று யாராவது கொடுத்து, அவள் சாப்பிட்ட பிறகு உண்மை தெரிந்திருந்தால்? நான் செய்தது அதுதான்.

மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். கோபப்படவில்லை. ஆனால் ஆறு வாரம் வர வேண்டாம் என்றார். கடிதம் தள்ளிப்போனது. அதை நம்பி நான் எழுதிப்போட்டிருந்த பள்ளி உதவியாளர் வேலை கைவிட்டுப் போனது. எனக்கு ஒரு வருத்தம் இன்னும் இருக்கிறது. பயிற்சி நாளில் தந்த முப்பது பக்கக் காகிதத்தில் "வெளி உணவு அனுமதி இல்லை" என்று ஒரே ஒரு வரி. தீ விபத்துக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள், உணவுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கோஷர் என்ற சொல்லையே கேள்விப்படாத ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரி எப்படிப் போதும்?

அதனால் நான் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்த எதையும் கொண்டு போகாதீர்கள். யூதக் குடும்பத்து வாலண்டியர் வீட்டில் செய்ததையே அங்கே உள்ளே விடுவதில்லை. உங்கள் மதிய உணவையும் எங்கே வைத்துச் சாப்பிடலாம் என்று கேட்டுவிட்டுத் திறங்கள். அங்குள்ள மைக்ரோவேவ், கரண்டி, கத்தி எதையும் கேட்காமல் தொடாதீர்கள். பண்டிகைக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தால், கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பொட்டலத்தை அலுவலகத்தில் கொடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கோல்டர்ஸ் கிரீன் கடைகளில் அப்படிப்பட்டவை ஏராளம். யாராவது "நான் சாப்பிடலாமா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதீர்கள்.

பஸ்கா என்ற யூதப் பண்டிகை வரும் எட்டு நாளும் இன்னும் கெடுபிடி. ரொட்டி, பிஸ்கட் வாசனையே கூடாது. சட்டைப் பையில் ஒரு பிஸ்கட்டோடு உள்ளே போய்விடாதீர்கள். ஐரோப்பிய வழிவந்த குடும்பங்களில் பலர் அந்த நாட்களில் அரிசியும் பருப்பும்கூடச் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை ஷப்பாத், அவர்களுடைய ஓய்வு நாள். டிசம்பரில் அது நாலு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் இல்லத்தின் பொது இடத்தில் போனை எடுக்காதீர்கள், எழுதாதீர்கள். ஆனால் யாராவது விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ தயங்காமல் மணியை அடியுங்கள். உயிரைக் காப்பது ஷப்பாத்தைவிடப் பெரியது என்பது அவர்கள் சட்டமே. சில ஆண்கள் பெண்களுக்குக் கை கொடுக்க மாட்டார்கள். நாம் கும்பிட்டு வணக்கம் சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் பழக்கம்.

சாவு வீட்டில் இங்கத்து யூதர்கள் சொல்லும் வார்த்தை "உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்" என்பது. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான் அங்கே முறை. ஏழு நாள் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து துக்கம் காப்பார்கள். பூ எடுத்துப் போக வேண்டாம்.

அந்த ஆறு வாரமும் வெள்ளிக்கிழமைதோறும் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்து அக்காவும் வந்தார். கோயில் வருவதற்கு முன் அந்த இடம் யூதர்களின் ஜெப ஆலயமாக இருந்தது என்று அவர்தான் சொன்னார். கட்டாயம் திரும்பிப் போகும்படியும் சொன்னார்.

போனேன். நேராக அந்தப் பாட்டியிடம்தான் போனேன். அவர் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்ப வைக்க 1938, 39-இல் ஏறக்குறைய 10,000 குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்களே, அதில் ஒரு குழந்தை. ஏழு வயதிலிருந்து யூதரல்லாத ஒரு வீட்டில் வளர்ந்தாராம். தட்டில் பன்றிக்கறி வைத்தால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிடுவாராம். அம்மா சொல்லி அனுப்பிய ஒன்றே ஒன்று அது என்றார். அம்மாவை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியாமல்தான் நடந்தது, அது எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் ஷோமரிடம், அதாவது சமையலறையில் கோஷர் மேற்பார்வை பார்ப்பவரிடம், அனுப்பினார். கடலைப்பருப்பு அவர்கள் வாங்கியது, எண்ணெய் அவர்களுடையது, பாத்திரம் பார்வே பாத்திரம். பெருங்காயத்துக்கு முத்திரை கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம். கறிவேப்பிலையை ஒவ்வொரு இலையாக விளக்குக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பூச்சி பார்த்தார் ஷோமர். முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கும் ஆச்சியின் விரல்கள் மாதிரியே இருந்தது. அடுப்பை நான் பற்றவைக்கக் கூடாது, யூதர் ஒருவர்தான் பற்றவைக்க வேண்டும் என்றார். அவர் தீயை மூட்டிவிட்டு நகர்ந்தார். நான் வடையைத் தட்டிப் போட்டேன்.

பாட்டி இரண்டு வடை சாப்பிட்டார். இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.