லீவு நாள் வேலைய "சும்மா"ன்னு சொல்லாதீங்க: நம்ம பக்கத்து காலேஜ் பசங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளா-தமிழ்நாடு பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருந்து சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ பஸ் ஏறி காலேஜ் போற பசங்கள்ல நெறய பேரு சனி ஞாயிறு ஏதாச்சும் வேலைக்குப் போயிட்டுதான் இருக்காங்க. தேங்கா மண்டி, கொப்பரை களம், கல்யாண பந்தி, மாமா கடைன்னு. ஆனா என்ன பண்றீங்கன்னு கேட்டா "சும்மா போறேண்ணா"ன்னுதான் பதில் வருது. இந்த "சும்மா"தான் முதல் தவறு, இருக்கறதுலயே பெரிய தவறும் இதுதான்.

நானும் இதப் பண்ணுனவன்தான். டிகிரி படிக்கறப்ப மூணு வருஷமும் வாரக்கடைசில ஒரு பித் கம்பெனிக்குப் போனேன், நார் மில்லுல தேங்கா மட்டைய அடிச்சு நார் எடுத்தது போக மிஞ்சுற தூளக் கழுவி, களத்துல காய வெச்சு, அஞ்சு கிலோ பிளாக்கா அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களே, அதுதான். அந்தத் தூள்ல இயல்பாவே உப்பு இருக்கும், அப்படியே போட்டா செடியோட வேரு பாதிக்கும், அதனால நல்லாக் கழுவி உப்ப எறக்கணும். ஒரு டம்ளர்ல தூளப் போட்டு தண்ணி ஊத்தி ஊற வெச்சு, பிழிஞ்ச தண்ணில இசி மீட்டர, அதாவது தண்ணில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற கருவிய, முக்கிப் பார்ப்போம். 0.5க்கு கீழ வந்தா நல்ல லோடு, மேல போச்சுன்னா மறுபடி கழுவணும்.

ஒரு கோடைல எத்தன தடவ கழுவியும் நம்பர் எறங்கவே இல்ல. எல்லாரும் தூளயே குத்தம் சொல்லிட்டிருந்தப்ப சும்மா மீட்டர எடுத்து போர் தண்ணிக்குள்ளயே விட்டுப் பார்த்தேன், தண்ணியே உப்பு! உப்புத் தண்ணில கழுவுனா உப்பு எப்படிங்க போகும்? அதுக்கப்புறம் தெனமும் காலைல மொதல்ல தண்ணிய அளந்துட்டுதான் வேலையே ஆரம்பிப்போம்.

படிப்பு முடிஞ்சு ஒரு கம்பெனில தரம் பார்க்கற பிரிவுக்கு இன்டர்வியூ போனேன். "முன் அனுபவம் ஏதாவது உண்டா"ன்னு கேட்டாங்க. "இல்லைங்க சார்"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். களத்துல தூசியோட நின்னதெல்லாம் அனுபவக் கணக்குல வரும்னு எனக்கு யாருமே சொல்லல. அந்த வேலை கெடைக்கல. இன்னைக்கு நெனச்சாலும் மனசு கெடந்து அடிச்சுக்குது, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதறேன்.

அடுத்தது சர்டிபிகேட் பைத்தியம். காசு கட்டுனா ரெண்டு வாரத்துல இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் மெயில்ல வந்துரும்னு போன்ல விளம்பரம் வருது, அதுக்குப் பணம் கட்டிட்டு, மண்டில மூணு வருஷம் கணக்கு எழுதுனத ரெஸ்யூம்ல ஒரு வரி கூட போடாம விடறாங்க. வெண்ணெய கையில வெச்சுட்டு நெய்க்கு அலையறது இதுதாங்க. கேரளால 2024ல நாலு வருஷ டிகிரி வந்ததுல இருந்து இன்டர்ன்ஷிப்பும் படிப்புக்குள்ளயே வந்துருச்சு, அதனால இந்தத் தப்பு இன்னும் கூடும்னு எனக்குப் பயமா இருக்கு. சேரறதுக்கு முன்னாடி "அங்க என் கையால என்ன பண்ணுவேன்"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பதில் இல்லைன்னா விட்டுருங்க.

என்எஸ்எஸ்ல (நாட்டு நலப்பணித் திட்டம்) ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், ஏழு நாள் கேம்ப் வேற. அத்தனை நாளும் கூட்டத்தோட கூட்டமா போட்டோவுக்கு நின்னுட்டு வர்றது வீண். கேம்ப்ல சமையல் கணக்க கேட்டு வாங்குங்க. அம்பது பேருக்கு ஏழு நாளைக்கு எவ்வளவு அரிசி, எந்தக் கடைல என்ன வெல, மிச்சம் எவ்வளவுன்னு ஒரு தடவ பார்த்துட்டீங்கன்னா கையிருப்பு, செலவுக் கணக்கு ரெண்டும் புரிஞ்சுரும்.

என்சிசில (தேசிய மாணவர் படை) பி சர்டிபிகேட்டோட, அதுக்கு மேல இருக்கற சி எழுதாம நின்னுடறவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சி சர்டிபிகேட்ல பி கிரேடாவது வாங்கி, டிகிரில 50 சதவீதம் இருந்துச்சுன்னா, ராணுவத்துல அதிகாரியா சேர்ற என்சிசி ஸ்பெஷல் என்ட்ரிக்கு அப்ளை பண்ணலாம். அதுல எழுத்துப் பரிட்சை கெடையாது, ஷார்ட்லிஸ்ட் ஆனா நேரா எஸ்எஸ்பி (அதிகாரிகளத் தேர்ந்தெடுக்கற குழு) இன்டர்வியூதான். வயசு வரம்பு இருக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க.

அப்புறம் நம்ம பாஷை. வீட்ல தமிழ், பஸ்ல மலையாளம், லோடு வண்டிக்காரர்கிட்ட ரெண்டும் கலந்துன்னு பேசறோம், அது ஒரு தெறமைன்னே நமக்குத் தோணறதில்ல. பார்டருக்கு ரெண்டு பக்கமும் சரக்கு எடுக்கறவங்களுக்கு போன எடுத்து ரெண்டு பாஷைலயும் கூசாம பேசற ஆள் வேணும். ரெஸ்யூம்ல தெளிவா போடுங்க, எழுதப் படிக்கத் தெரியுமாங்கறதையும் சேர்த்து.

ஒண்ணே ஒண்ணு, வேலைக்குப் போறேன்னு வருகைப் பதிவ கோட்டை விட்டுராதீங்க. பரிட்சைக்கு முந்தின வாரம் ஆள் வேணும்னு கூப்டா, "பரிட்சை இருக்குங்கண்ணா"ன்னு சொல்லிப் பாருங்க, முக்காவாசி முதலாளிங்க புரிஞ்சுக்குவாங்க.

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு இப்ப பி.காம் ரெண்டாவது வருஷம், அவளும் லீவு நாள்ல ஒரு பித் களத்துக்குத்தான் போறா. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன். தேதி, என்ன வேலை, எங்க சிக்கல், எப்படி சரி பண்ணுனா, இவ்வளவுதான் எழுதணும். போன வாரம் பார்த்தேன், முதல் பக்கத்துல முதல் வரியே "தண்ணி இசி"ன்னு போட்டு பக்கத்துல நம்பர் எழுதியிருந்தா.