மகரந்தத்துகளைக் கொண்டு தாவரங்களை வகைப்படுத்துகையில் நேரும் தவறுகள்

தாமரையும் ஆம்பலும் ஒரே குளத்தில் பூப்பவை என்பதாலும், இலையும் பூவும் ஒத்த சாயலில் இருப்பதாலும், அவ்விரண்டையும் நெடுங்காலம் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மகரந்தத்துகளில் அந்த ஒற்றுமை இல்லை. தாமரையின் துகளில் மூன்று நீள்பள்ளங்கள் உள்ளன. ஆம்பலின் துகளைச் சுற்றி வளையம்போல ஒரே பிளவுதான் ஓடுகிறது. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் வெகுதொலைவில் நிற்கின்றன.

இவ்வளவு பயனுள்ள சான்றைப் பலர் தவறான முனையிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவது முள். ஆனால் செம்பருத்தி, பூசணி, சூரியகாந்தி ஆகிய மூன்றின் துகள்களிலும் முள் உண்டு, மூன்றும் வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. ஆகவே வளர்துளைகளின், அதாவது மகரந்தக்குழாய் வெளிவரும் பள்ளம், பிளவு, துளை ஆகியவற்றின், எண்ணிக்கை, வடிவம், அமைவிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே எக்சைன் எனப்படும் வெளிச்சுவரின் மேற்பரப்பு அலங்காரத்துக்குச் செல்ல வேண்டும். செம்பருத்தியில் பல வட்டத் துளைகளும் சூரியகாந்தியில் துளையுடன் கூடிய மூன்று பள்ளங்களும் இருப்பது அப்போது தெரியும்.

எண்ணிக்கையும் தனியே போதாது. மூன்று பள்ளங்களைக் கண்டதும், இருவித்திலைத் தாவரங்களின் பெரும்பிரிவான மெய்யிருவித்திலைத் தாவரம் என்று முடிவுகட்டத் தோன்றும். பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவின் துகளிலும் மூன்று பள்ளங்கள் உண்டு என்றாலும், அவற்றின் முனைகள் துருவத்தில் ஒன்றுகூடுகின்றன. அது மெய்யிருவித்திலைத் தாவரமன்று, பூக்கும் தாவரங்களில் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளையைச் சேர்ந்தது.

அளவை ஒப்பிடுவதில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் 9:1 விகிதத்தில் கலந்த, துகளின் சுவரை மட்டும் எஞ்சவிடும் எர்ட்மன் கலவையில் சூடாக்கிய துகளும், கிளிசரின் ஜெல்லியில் பல காலம் கிடந்த துகளும் சற்றே உப்பிவிடும். உலர்ந்த துகளோ பள்ளங்கள் மடிந்து ஒடுங்கியிருக்கும். ஒரே முறையில் தயாரித்த கண்ணாடி வில்லைகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ளதுபோன்ற மகரந்த ஒப்பீட்டுத் தொகுப்பைப் பயன்படுத்துவோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கல்வாழையின் எக்சைன் மிக மெல்லியதாகையால் அக்கலவையில் நிலைப்பதில்லை. வில்லை வெறுமையாக இருந்தால் பூவையன்று, செய்முறையையே ஐயுற வேண்டும்.

வேல மரங்களில் பல துகள்கள், பெரும்பாலும் 16, ஒன்றாக ஒட்டியே உதிரும். அக்கொத்தை ஒரே பெரிய துகளாக அளந்தால் எல்லாக் கணக்கும் பிழையாகிவிடும்.

புற்களின் துகள் ஒற்றைத் துளையும் அதைச் சூழ்ந்த தடித்த வளையமும் கொண்டது. அதைக் கண்டு புற்குடும்பம் என்று உறுதியாக எழுதலாம். ஆனால் சாதாரண ஒளி நுண்ணோக்கியை மட்டும் நம்பிச் சிற்றினத்தின் பெயரை எழுதுவது பெரும்பாலும் ஊகமே.