தோற்கிற அணியின் கண்ணால் கல்லூரிப் பையன்களைப் பார்க்காதீர்கள்

2023 அக்டோபரில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி சீசனை நன்றாகத்தான் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் மயாமியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அடுத்து சார்லட்டை வென்றார்கள், சிகாகோவை வென்றார்கள். மூன்றுக்கு இரண்டு. கோடிகளைக் கொட்டிப் பிடித்துவந்த புதிய கோச், துடிப்பான இளைஞர்கள் என்று ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம். அதற்கடுத்த வெற்றி டிசம்பர் 30-ஆம் தேதிதான் வந்தது. நடுவில் 28 தோல்விகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரே சீசனுக்குள் எந்த என்பிஏ அணியும் அதுவரை அப்படித் தோற்றதில்லை.

அணி இப்படிச் சரியும்போது ரசிகர்களின் பேச்சு எங்கே போகும் என்பது கூடைப்பந்து பார்க்கிற எவருக்கும் தெரியும். பொங்கல் வருவதற்குள் கல்லூரி ஆட்டங்களுக்குத் தாவிவிடும். இந்த வருஷம் நம்பர் ஒன் யார், அவன் நம் அணிக்குப் பொருந்துவானா, இன்னும் பத்து ஆட்டம் தோற்றால் கிடைப்பானா? புதுப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத ட்ராஃப்டில் மோசமான அணிகளுக்கே முன்வரிசை என்பதால், தோல்வியைக்கூட சீட்டுக்குக் கட்டும் தவணையாகப் பார்க்கத் தோன்றும். இந்தப் பேச்சில் பல வருஷம் கழித்தவன் நான். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

மூன்று ஆட்டத்தில் முடிவு கட்டுவது

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் நவம்பர் மாத வெற்றிக் கணக்கை வைத்து அணியை எடை போடக்கூடாது. டெட்ராய்ட்டின் 2-1 போதுமான சாட்சி. வெற்றி தோல்வியைவிடப் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற அணி, ஐந்திலும் சேர்த்து 12 புள்ளிகள்தான் கூடுதலாக எடுத்திருந்தால் அதைப் பெரிய அணி என்று நம்ப அவசரப்பட வேண்டாம். எதிராளி யார், எத்தனை ஆட்டம் சொந்த ஊரில், எதிரணி தொலைவிலிருந்து எறிந்த த்ரீ பாயிண்டர்கள் அந்த வாரம் எவ்வளவு விழுந்தன என்று மூன்று கேள்வி கேட்டாலே பாதி கோபமும் பாதி குதூகலமும் அடங்கிவிடும். எதிரணி வீரன் ஆளில்லாத இடத்தில் நின்று எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே போவது நம் டிஃபென்ஸின் சாமர்த்தியம் இல்லை. நம் பையன்கள் எறிந்தது அப்படிப் போகும்போது மட்டும் இது நமக்கு ஞாபகம் வரும்.

கடைசி இடம் பிடித்தால் முதல் சீட்டு என்று நம்புவது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ட்ராஃப்டில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் முதல் சீட்டு. அதற்காக, சீசன் முடிவில் கோப்பைக்கு நடக்கும் பிளே-ஆஃபுக்குள் நுழையாத 14 அணிகளுக்குக் குலுக்கல். ஓர் எந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் சுழலும். அதிலிருந்து நான்கு வெளியே வரும். நான்கு எண்களைச் சேர்க்க 1001 வழிகள் உண்டு. ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000-ஐ அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். 2019-க்கு முன் கடைசி அணிக்கு 250 கிடைத்தது, அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. வேண்டுமென்றே தோற்பது பெருகியதால் 2019-இல் அதைக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140 என்று சமமாக்கினார்கள். முதல் நான்கு இடங்கள் குலுக்கலில் முடிவாகும்; ஐந்தாவதிலிருந்து தோல்விக் கணக்கு வரிசை.

இதன்படி கணக்குப் போட்டால், லீகிலேயே மோசமான அணிக்கு முதல் இடம் கிடைக்க வாய்ப்பு 14 சதவீதம். ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட வாய்ப்பு 47.9 சதவீதம். அடிமட்ட அணிக்கு மற்ற எந்த இடத்தையும்விட ஐந்தாம் இடமே அதிகம் வாய்ப்புள்ளது! டெட்ராய்ட் 2023-இல் 17-65 என்று கடைசியில் நின்றது, ஐந்தாவது சீட்டு. 2024-இல் 14-68 என்று இன்னும் கீழே போனது, மறுபடி ஐந்தாவது. 2025-இல் யூட்டா 17-65, அவர்களுக்கும் ஐந்தாவது. அதே 2025-இல் 39 ஆட்டங்கள் வென்ற டல்லஸ், ஆயிரத்தில் 18 சேர்க்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இடத்தைத் தட்டிச்சென்றது. சில மாதங்களுக்கு முன்புதான் தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு சொந்த ரசிகர்களிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்த அணி அது. அந்த வருஷ நம்பர் ஒன்னான, டூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃப்ளாக் அவர்களுக்குப் போனார்.

2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்கள். கடைசி இடத்தில் நின்ற அணிக்கு ஒருமுறைகூட முதல் சீட்டு விழவில்லை. இது தெரிந்தும் பிப்ரவரியில் "தோற்றாலும் பரவாயில்லை, அவன் நமக்குத்தான்" என்று சொல்கிறவரிடம் வாதாடாதீர்கள். தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

மார்ச் மாத மயக்கம்

மார்ச்சில் கல்லூரிகளின் தேசியப் போட்டி. 68 அணிகள், தோற்றால் வெளியே. என்பிஏ மட்டும் பார்த்துவந்த ரசிகர் பெரும்பாலும் இந்த மூன்று வாரத்தில்தான் கல்லூரிப் பையன்களை முதன்முதலாகப் பார்க்கிறார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் ஒரே உலையில் ஒரே நேரம் வெந்த அரிசிக்குத்தான் அந்த வழக்கு பொருந்தும். பத்தொன்பது வயதுப் பையனின் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்படி வேகாது.

2014-இல் ஷபாஸ் நேப்பியர் கனெக்டிகட் அணியைத் தனியாளாக இழுத்துக்கொண்டு போய்ச் சாம்பியன் ஆக்கினார். என்பிஏவின் பெரிய நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸே பகிரங்கமாகப் புகழ்ந்தார். லெப்ரான் ஆடிவந்த மயாமி, ட்ராஃப்ட் இரவில் மாற்று ஒப்பந்தம் போட்டு நேப்பியரை வாங்கியது. சில வாரங்களில் லெப்ரான் கிளீவ்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். நேப்பியர் அணி அணியாக மாறி, பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து ஆடுகிறவராகவே காலம் தள்ளினார்.

உடனே "அப்போ மார்ச்சே பொய்" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். 2008-இல் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியை, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டீஃபன் கரி கடைசி எட்டு அணிகள் வரை கொண்டுபோனதும் இதே மார்ச்சில்தான். கான்சஸிடம் 59-57 என்று தோற்றார்கள். அந்த வருஷச் சாம்பியன் கான்சஸ். வளையத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எத்தனை வேகத்தில், எத்தனை பேர் சூழ்ந்திருக்கும்போது அவர் பந்தை விடுகிறார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனாலும் 2009 ட்ராஃப்டில் ஆறு பேர் அவருக்கு முன்னால் போனார்கள். மினசோட்டா ஐந்தாவதும் ஆறாவதுமாக பந்தை நடத்திச்செல்லும் பாயிண்ட் கார்டுகள் இருவரை அடுத்தடுத்து எடுத்தது. இருவரும் கரி இல்லை. மார்ச்சில் ஆட்டத்தின் முடிவைப் பார்க்காமல், அந்தப் பையனின் கையையும் காலையும் பாருங்கள் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

கல்லூரி எண்ணை அப்படியே என்பிஏவுக்குத் தூக்கிவருவது

இரண்டும் ஒரே விளையாட்டு மாதிரித் தெரியும். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. பந்தை எறிய அங்கே 30 விநாடி, இங்கே 24. த்ரீ பாயிண்ட் கோடு அங்கே 22 அடி 1¾ அங்குலம். இங்கே நடுவில் 23 அடி 9 அங்குலம். எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் வளையத்தடியில் இருக்கிறது. என்பிஏவில், யாரையும் நெருங்கிக் காக்காமல் பெயிண்ட் என்கிற வளையத்தடிக் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கும் டிஃபென்டருக்குத் தண்டனை உண்டு. கல்லூரியில் அந்த விதி கிடையாது. ஏழடி ஆள் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி அங்கேயே நிற்கலாம். எதிராளி எறியும் பந்தை அவர் தட்டிவிடும் ப்ளாக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2009-இல் கரிக்கு முன்னால், இரண்டாவதாகப் போன ஹஷீம் தபீத் ஏழடி மூன்று அங்குலம். கல்லூரியில் வளையத்தை மூடி வைத்திருந்தார். என்பிஏவில் அவரால் வேரூன்ற முடியவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெயிண்ட் நெரிசலாக இருப்பதால் கல்லூரியில் திணறுகிற, பந்தோடு வளையத்தை நோக்கிப் பாயும் டிரைவர், என்பிஏவின் அகலமான வெளியில் மூச்சுவிட்டு ஆடக்கூடும்.

த்ரீ பாயிண்டர் சதவீதத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு கல்லூரிப் பையன் ஒரு சீசனில் 150 முறை எறிந்து 54 போடுகிறான்: 36 சதவீதம், "சுமார்தான்". இன்னொருவன் 60 போடுகிறான்: 40 சதவீதம், "ஷூட்டர்!". இருவருக்கும் இடையில் ஐந்து மாதத்தில் ஆறு பந்துதான். அந்த ஆறும் வளையத்தில் எப்படிப் பட்டன என்பதை வைத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். யாரும் மறிக்காத இடத்தில், ஒரே தூரத்தில், ஒரே அசைவு. கையின் இயல்பு அதில் ஒளியாது. ஃப்ரீ த்ரோ 60 சதவீதமும் த்ரீ 40 சதவீதமும் வைத்திருக்கிற பையனைக் கண்டால் நான் கொஞ்சம் காத்திருப்பேன்.

நம் அணியில் காலியான நாற்காலியை மட்டும் பார்ப்பது

1984-இல் போர்ட்லாந்திடம் ஏற்கெனவே கிளைட் ட்ரெக்ஸ்லர் இருந்தார்; தேவைப்பட்டது வளையத்தடியில் ஆடும் உயரமான சென்டர். சாம் போவியை எடுத்தார்கள். அடுத்த இடத்தில் சிகாகோ மைக்கேல் ஜோர்டனை எடுத்தது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு தங்கள் அணியைப் பற்றிப் பேசும்போது "நமக்குத்தான் ஏற்கெனவே கார்டு இருக்கானே" என்பார்கள். ஜெயிக்கிற அணிக்கு அந்தக் கவலை நியாயம். 20 ஆட்டம் வெல்லும் அணிக்கு எல்லா நாற்காலியும் காலிதான்.

இதோடு ஒட்டியது, பார்த்த பையனை மட்டுமே நம்புவது. 2018-இல் டான்சிச் பத்தொன்பது வயதில் ரியல் மாட்ரிட்டோடு ஐரோப்பாவின் யூரோலீக் கோப்பையும் வென்று, அந்தத் தொடரின் சிறந்த வீரராகவும் ஆகியிருந்தார். வளர்ந்த ஆண்களோடு மோதி வென்றவர். இருந்தும் அவருக்கு முன்னால் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் ஆடிய இருவர் போனார்கள்.

பின்னோக்கிப் பார்த்து ஞானியாவது

"யோகிச்சை நாற்பது பேர் தவறவிட்டார்கள்" என்று அடிக்கடி கேட்கிறோம். பின்னாளில் என்பிஏவின் சிறந்த வீரரான நிகோலா யோகிச், 2014 ட்ராஃப்டில் 41-ஆவது. ஆனால் அவரை எடுத்த டென்வரே அன்றிரவு, அவருக்கு முன்னால் முதல் சுற்றில் யூசுஃப் நுர்கிச் என்ற இன்னொரு சென்டரைத் தன் அணிக்குக் கொண்டுவந்திருந்தது. அவ்வளவு தெரிந்திருந்தால் முதலிலேயே எடுத்திருப்பார்களே!

புதுப் பையன் வந்ததும் விடிந்துவிடும் என்று காத்திருப்பது

சான் அன்டோனியோ 2022-23-இல் 22 வெற்றி, 60 தோல்வி. பிறகு 2023-இன் முதல் சீட்டில் விக்டர் வெம்பன்யாமா வந்தார். சிறந்த அறிமுக வீரர் விருதுக்கு ஓட்டுப் போட்ட எல்லாரும் அவர் பெயரையே எழுதினார்கள். அந்த 2023-24 சீசனில் அணியின் கணக்கு: 22 வெற்றி, 60 தோல்வி.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முளையைத் தின்று பசியாற முடியாது. டெட்ராய்ட்டின் கேட் கன்னிங்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் முதல் சீட்டு. இரண்டாவது வருஷம் முழங்காலுக்குக் கீழே எலும்புக் காயம், 12 ஆட்டத்தோடு முடிந்தது. மூன்றாவது வருஷம் அந்த 28 தோல்விகள். அதில் 27-ஆவது தோல்வி, புரூக்ளினோடு. கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் போட்டும் தோற்றார்கள். "முதல் சீட்டு வீணாப் போச்சு" என்ற முணுமுணுப்பு அப்போது உண்டு. அவரைச் சுற்றி எறிந்து போடுகிற ஆட்களே இல்லை என்பதுதான் நோய்.

2024 கோடையில் அணி கோச்சை மாற்றியது. டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று அனுபவப்பட்ட, பரபரப்பில்லாத பெயர்கள் வந்து சேர்ந்தன. ட்ராஃப்ட் பேச்சில் இவர்களைப் பற்றி யார் பேசுவார்கள்? பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 த்ரீ பாயிண்டர்கள் போட்டார். 14-68 என்று கிடந்த அணி 44-38 என்று முடித்து பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. கன்னிங்ஹாம் லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

இரண்டு குளிர்காலம் கல்லூரிப் பட்டியலை வரி வரியாக அலசிய டெட்ராய்ட் ரசிகர்களுக்கு, அந்த இரண்டு ஐந்தாம் சீட்டுகளில் வந்தவர்கள் ஆசார் தாம்ப்சனும் ரான் ஹாலண்டும். ஒருவர் ஓவர்டைம் எலைட் என்ற தனியார் லீகிலிருந்து, மற்றவர் என்பிஏவின் துணை லீகான ஜி லீகின் இக்னைட் அணியிலிருந்து. இருவரும் கல்லூரிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.