குடியிருப்புச் சுற்றுலா: கட்டைவிரலை நம்பிக் கெட்ட கதை

காலை 6 மணிக்கு வாசலில் 50 பேர் உட்காரும் பஸ் வந்து நின்றது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தவர்கள் 46 பேர். 6.40 வரை காத்திருந்து கிளம்பியபோது பஸ்ஸில் இருந்தவர்கள் 17 பேர். அதில் நான்கு பேர் என் வீட்டார். ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, “மற்றவர்கள் வழியில் ஏறுவார்களா சார்?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை என்பதுதான் கூடுதல் வேதனை. அப்போது நான் சங்கத்தின் செயலாளர்.

பிறகு நான்கு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தேன். சுற்றுலா, குழந்தைகளுக்கு விளையாட்டு நாள், மரம் நடுதல், முதியவர்களோடு மாலை நடை என்று பலவற்றை நடத்தி, பலவற்றில் சறுக்கினேன். குடியிருப்புகள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றேதான் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லோரையும் கூப்பிடுவது

“ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாமா? யாரெல்லாம் வருகிறீர்கள்?” என்று குழுவில் போடுவது முதல் தவறு. அது எல்லோரையும் கூப்பிடுகிறது. ஆகவே யாரையும் கூப்பிடவில்லை. 1968இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் திணறுகிறது. கேட்பது தான் ஒருவன் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினர்தான் எழுந்தார்கள். உயிர் போகிற குரலுக்கே இந்தக் கதி என்றால், சுற்றுலா அழைப்புக்கு என்ன ஆகும்? கட்டைவிரல் என்பது “யோசனை நல்லது” என்ற பாராட்டு. அதை “நான் வருவேன்” என்ற வாக்குறுதியாகப் படித்தது என் பிழை.

இதற்கு மாற்று பழைய வழிதான்: கதவைத் தட்டுவது. ஒரே ஆள் எல்லா மாடியும் ஏறினால் மூன்றாவது மாடியிலேயே ஆர்வம் போய்விடும். மாடிக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, அவர் தன் மாடியில் உள்ள வீடுகளை மட்டும் கேட்டால் போதும். எத்தனை பேர் என்று கேட்காமல் யார் யார் என்று கேட்க வேண்டும். பெயரை எதிரிலேயே நோட்டில் எழுதும்போது, “என் மாமியார் வருவது சந்தேகம், அவரை எழுதாதீர்கள்” என்று உண்மை தானாக வெளியே வரும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பை நாள் குறிக்க வைத்துக்கொள்ளலாம். தலை எண்ண வேண்டாம். பஸ் பேசுவதற்கு முன்பே பாதிப் பணத்தை வாங்கிவிடுவதும் நல்லது. பணம் கொடுத்தவர் அலாரம் வைத்து எழுந்துகொள்கிறார்.

பெரிதாகத் தொடங்குவது

முதல் முயற்சியிலேயே மொத்தக் குடியிருப்பும் வர வேண்டும் என்ற ஆசை எல்லாப் புதிய செயலாளருக்கும் வரும். எனக்கு அது நன்றாகவே வந்தது. பின்னாளில்தான் வெஸ்ட்கேட் ஆய்வைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், மணமான மாணவர்களுக்காக வைத்திருந்த குடியிருப்பு அது. அங்கே யாருக்கு யார் நண்பர் ஆனார்கள் என்று லியான் ஃபெஸ்டிங்கரும் இரண்டு சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்து, முடிவுகளை 1950இல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த கதவுக்காரர்கள் நெருங்கிப் பழகுவதற்கு இருந்த வாய்ப்பு 41 சதவீதம். அதே மாடியின் இரண்டு கோடிகளிலும் இருந்தவர்களுக்கு 10 சதவீதம். இடைவெளி நூறு அடிகூட இல்லை. மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டை ஒட்டி இருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மேல்மாடியில் நண்பர்கள் அதிகம்.

ஏ பிளாக்கையும் டி பிளாக்கையும் ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் உட்கார வைத்து ஒட்டவைக்க நினைத்தது எவ்வளவு வீண் வேலை என்று இதைப் படித்ததும் புரிந்தது. பஸ்ஸிலும் ஏ பிளாக் முன்பக்கம், டி பிளாக் பின்பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். ஒரு மாடியில் தொடங்குங்கள். ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு மாலை பக்கத்துப் பூங்காவுக்குப் போய் வரட்டும். அடுத்த மாதம் இரண்டு மாடிகள் சேரலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே பாடம் உண்டு. எங்கள் சங்க அறையில் ஒரு புத்தக அலமாரி வைத்தோம். சாவி பொருளாளரிடம். ஆறு மாதத்தில் வெளியே போன புத்தகங்கள் நான்கு. நான்கும் பொருளாளர் வீட்டுக்கு. எரிச்சலில் ஒருநாள் அந்த அலமாரியைத் தரைத்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே தள்ளி வைத்தோம். எங்கள் லிஃப்ட் கொஞ்சம் சோம்பேறி. அது வருவதற்குள் மூன்று பக்கம் படித்துவிடலாம். அடுத்த வாரமே அங்கே நின்றபடி இரண்டு பேர் ஒரு புத்தகத்தைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடி, மேலே போய்விட்டது. அவர்கள் கவனிக்கவில்லை.

தூரமும் அப்படியே. இரண்டு மணி நேரம் பயணம் செய்தால்தான் சுற்றுலா என்று யாரும் விதி எழுதவில்லை. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் கனடாவின் டொரன்டோ நகரில் ‘ஜேன்ஸ் வாக்’ என்ற நடைகளைத் தொடங்கினார்கள். அந்தப் பகுதியில் வசிப்பவரே முன்னே நடந்து தன் தெருவைப் பற்றிச் சொல்வார், கட்டணம் கிடையாது. பிறகு வேறு பல நாடுகளுக்கும் அது பரவியது. உங்கள் குடியிருப்பிலும் அந்த இடம் வயலாகவோ காடாகவோ இருந்தபோது பார்த்த ஒருவர் இருப்பார். அவரை முன்னால் நடக்கவிட்டால், ஒரு மணி நேரத்துக்குப் பஸ்ஸே வேண்டாம்.

வேகமாக நடப்பவரை வைத்து நேரம் போடுவது

நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர் பெரும்பாலும் முட்டிவலி இல்லாதவர். மலையேறுவோர் மத்தியில் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கான கணக்கு அது. கைக்குழந்தையும் பாட்டியும் உள்ள கூட்டத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கூட்டமாக நடக்கும்போது நடக்கும் ஒரு அநியாயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னே போகிறவர்கள் ஒரு மர நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். கடைசியில் வருகிற பெரியவர் மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்ததும், “எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்குத்தான் ஓய்வு கிடைக்காது. அந்தப் பெரியவர் மறுமுறை வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். மெதுவாக நடப்பவர்களை முன்னே விடுங்கள். எல்லோருக்கும் பின்னால் வருவதையே வேலையாக ஒருவருக்குக் கொடுங்கள். இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் ஒருவர் நேரில் போய்க் கழிப்பறை, படிகள், நிழல் மூன்றையும் பார்த்துவிட்டு வரட்டும். இணையத்தில் வரும் படங்களில் கழிப்பறை இருக்காது.

பணம்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஆனால் குடியிருப்புகள் உடைவது இதில்தான். பராமரிப்பு நிதியிலிருந்து சுற்றுலாவுக்கு எடுக்காதீர்கள், குறைந்தால் பிறகு சரிக்கட்டலாம் என்ற நினைப்பிலும் எடுக்காதீர்கள். வராதவர் பணத்தில் வந்தவர்கள் போய்வந்தார்கள் என்ற பேச்சு, தண்ணீர்த் தொட்டி கழுவும் கூட்டம் வரைக்கும் தொடரும். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் தனியாக வசிப்பவர் ஐந்து பேர் குடும்பத்துக்குச் சேர்த்துக் கட்டுகிறார். தலைக்கு இவ்வளவு என்பதுதான் நியாயம். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். மீதி சில்லறையாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் குளம்

டார்லியும் லத்தானேயும் சொன்னது நிஜமாகவே பயமுறுத்துவது இங்கேதான். நீச்சல் குளம், ஆறு, கடல் எதுவானாலும், பத்துப் பெரியவர்கள் கரையில் இருக்கும்போது குழந்தைக்கு ஆபத்து இல்லை என்று நினைப்போம். பத்துப் பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரை நம்பிக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையசைப்பதில்லை. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்த முடியாது. கைகள் நீரைக் கீழே அழுத்துவதிலேயே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள், சத்தமே இல்லாமல் முடிந்துவிடலாம்.

ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு சிறுமி குளத்தின் ஆழமான பக்கத்துக்கு நழுவிவிட்டாள். பார்த்தது பெரியவர்கள் யாரும் இல்லை. அவளைவிட இரண்டு வயது மூத்த ஒரு பையன். அவன் கத்தியதால் தப்பித்தாள். கரையில் நாங்கள் 12 பேர் இருந்தோம். அன்றிலிருந்து ஒரு பழைய விசிலைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். விசில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் 15 நிமிடம் பேசக்கூடாது, கைபேசியைத் தொடக்கூடாது, தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்தவர் பெயரைச் சொல்லி, அவர் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் குளத்திலும் இதை விடுவதில்லை. சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

திறந்தவெளியில் இடி கேட்டால் உடனே கட்டிடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை ஆட்டத்தைத் தொடரக்கூடாது. மரத்தடி பாதுகாப்பான இடம் இல்லை. இதை விளையாட்டு நாள் நடத்துபவர் முன்பே அறிவித்துவிட்டால், மழை வந்த பிறகு குழந்தைகளோடு பேரம் பேச வேண்டியிருக்காது.

யாரை விட்டுவிட்டோம்

வாடகைக்கு இருப்பவர்களைச் சொந்த வீட்டுக்காரர்கள் மறப்பது வேண்டுமென்றே நடப்பதில்லை. பல குடியிருப்புகளில் சங்கத்தின் குழுவில் உரிமையாளர்களின் எண்கள்தான் இருக்கும். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குச் சுற்றுலா அழைப்பு போகும், அவர் வீட்டில் குடியிருப்பவருக்குப் போகாது. கதவைத் தட்டினால் இந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும். காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் வேறு விஷயம். விழா முடிந்த மறுநாள் குப்பை அள்ளும் கூடுதல் வேலைக்கு அவர்களிடம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. கூடுதல் கூலியும் இல்லை. அதைச் செலவுக் கணக்கில் முன்பே ஒரு வரியாக எழுதிவிட்டால், பிறகு யாருடைய பெருந்தன்மையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

பிறர் குழந்தைகளின் படத்தை அவர்களைப் பெற்றவர்களிடம் கேட்காமல் பொதுவில் போடுவது இன்னொரு தவறு. “எங்கள் பிளாக் முழுவதும் இன்று சுற்றுலாவில்!” என்று பஸ்ஸிலிருந்தே பதிவிடுவதும் அப்படியே. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று ஊருக்கு நாமே ஏன் சொல்ல வேண்டும்? வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கும் அளவுக்குக் கூட்டம் இருந்தால் ஒலிபெருக்கி வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டித் திரும்பி, பங்கேற்காதவர் படுக்கையறைக்குள்தான் போகும்.

என்னுடைய பெரிய தவறு வேறொன்று. எல்லாவற்றையும் நானே செய்தேன். பஸ்காரர் எண், இடத்தின் நிலவரம், யாருக்கு என்ன மருந்து என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தன. பொறுப்பிலிருந்து விலகிய ஆண்டு எதுவுமே நடக்கவில்லை. புதிய செயலாளர் மீது கோபப்பட்டேன். பிறகுதான் அவரிடம் நான் ஒரு தாளைக்கூடக் கொடுக்கவில்லை என்று உறைத்தது. இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. போன இடம், ஆன செலவு, சொதப்பியது எது என்று மூன்று பத்திகளாக எழுதுகிறோம். மூன்றாவது பத்திதான் நீளமாக இருக்கிறது.

பெரிய பஸ்ஸை அதற்குப் பிறகு நாங்கள் எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு லிஃப்ட் பக்கத்தில், அலமாரிக்கு எதிரே கூடி ஒரு நடை போய் வருகிறோம். போன வாரம் ஒன்பது பேர். அந்தப் பஸ்ஸுக்குக் கட்டைவிரல் உயர்த்திவிட்டு வராமல் இருந்த ஐந்தாவது மாடிக்காரரும் இருந்தார். அன்று ஏன் வரவில்லை என்று இத்தனை நாள் கழித்துக் கேட்டேன். “எல்லோரும் போகிறீர்களே, ஒரு ஆள் குறைந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்” என்றார்.